பிறந்தும் என்ற சொல்லில் இருந்த உம்

வணக்கம் சேர்,

நான் பல்கலைக்கழகக் கல்வியியல் பிரிவு ஒன்றில் தற்காலிக உதவி விரிவுரையாளர். இந்த முறை கல்விமாணி (B.Ed.) படிப்புக்கு வரும் புதியவர்களில் ஐந்து பேருக்குத் திறமைப் புலமைப்பரிசில் கிடைத்திருக்கிறது. பணம் தருவது வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர்களின் சங்கம். அவர்களை வரவேற்க ஒரு சிறிய கூட்டம் வைக்கிறோம். வரவேற்புரை என் தலையில் விழுந்துவிட்டது. "ஆசிரியப் பணியே அறப்பணி" என்று தொடங்கி மூன்று தரம் எழுதி மூன்று தரமும் கிழித்துவிட்டேன்.

ஒவ்வொருவரின் குடும்ப நிலையையும் மேடையில் வாசித்தால்தான் பணம் தந்தவர்களுக்குத் திருப்தியாக இருக்கும் என்று குழுவில் சிலர் சொல்கிறார்கள். ஆனால் ஒரு மாணவர் தனியாக வந்து, "மிஸ், அப்பான்ர தொழிலைச் சொல்லாமல் விடுவீங்களோ?" என்று கேட்டார். இன்னொரு மாணவியின் அம்மாவுக்கு வேறு கவலை. "இவ்வளவு நல்ல ரிசல்ட்ஸ் எடுத்துப்போட்டு வாத்தியார் வேலைக்கோ எண்டு சனம் கேக்குது. மேடையில அதுக்கொரு பதில் சொல்லுங்கோ" என்கிறார். என்ன பேசட்டும்?

வாசகி, உரும்பிராய்

அன்புள்ள வாசகிக்கு,

அந்த மாணவரிடம் "ஓம், சொல்லமாட்டன்" என்று சொல்லிவிட்டீர்களா? இல்லையென்றால் முதலில் அதைச் சொல்லிவிட்டு வந்து மிச்சத்தை வாசியுங்கள்.

1970களின் தொடக்கத்தில் நானும் இப்படி ஒரு மேடையில் நின்றிருக்கிறேன். ஒரு சங்கம் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்குப் புத்தகக் காசு கொடுத்தது. என் அப்பா சுருட்டுக் கொட்டிலில் வேலை செய்தவர். அந்தக் காலத்துக் கொட்டில்களைப் பற்றி உங்கள் வயதுக்காரருக்குத் தெரியாமலிருக்கலாம். கைகள் புகையிலையைச் சுற்றிக்கொண்டிருக்கும், ஒருவர் நடுவில் இருந்து பேப்பரை உரத்து வாசிப்பார். தலைப்புச் செய்தி தொடங்கி மரண அறிவித்தல் வரை ஒன்றும் தப்பாது. வாசித்து முடிந்தால் விவாதம் தொடங்கும். அப்பாவுக்குக் கையெழுத்து வைக்க மட்டும்தான் தெரியும். ஆனால் உலகத்தில் எந்த நாட்டில் எந்த ஆட்சி கவிழ்ந்தது என்று அவரிடம் கேட்டுத்தான் நான் பொது அறிவுப் போட்டிக்குப் போவேன்.

அன்றைக்கு மேடையில் ஒருவர் என் தோளில் கை வைத்துக்கொண்டு, "எழுத்தறிவில்லாத ஒரு சுருட்டுக்காரனுக்குப் பிறந்தும்..." என்று தொடங்கினார். நல்ல கைதட்டல். அவர் கெட்ட மனிதர் இல்லை, என்னை உயர்த்திப் பேசுவதாகத்தான் நினைத்திருப்பார். கடைசி வரிசையில் வெள்ளை வேட்டியோடு இருந்த அப்பாவை, கூட்டம் முடிந்து சோடா கொடுக்கிற நேரத்தில் காணவில்லை. வீட்டில் அவரும் ஒன்றும் கேட்கவில்லை, நானும் ஒன்றும் சொல்லவில்லை. எவ்வளவு காசு தந்தார்கள் என்பது இப்போது மறந்துபோய்விட்டது. "பிறந்தும்" என்ற சொல்லின் அந்த "உம்" மட்டும் மறக்கவில்லை. பிறகு முப்பது வருடம் தமிழ் படிப்பித்தேன். இலக்கணத்தில் "உம்" என்ற இடைச்சொல்லைப் படிப்பிக்கும் பாடம் வரும்போதெல்லாம் அந்த மேடை ஞாபகம் வரும்.

தமிழ்நாட்டில் இதைக் கல்வி உதவித்தொகை என்பார்கள். நாங்கள் புலமைப்பரிசில் என்கிறோம். உதவி வேறு, பரிசில் வேறு. பரிசில் என்பது புலவர் தன் புலமையைக் காட்டி, தலை குனியாமல் வாங்கிக்கொள்வது. தன்னை நேரில் காணாமல் அதியமான் கொடுத்தனுப்பிய பொருளை, நான் வணிகன் இல்லை என்று சொல்லிச் சங்கப் புலவர் பெருஞ்சித்திரனார் மறுத்துவிட்டார் அல்லவா? அந்தச் சொல்லைத்தான் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையிலிருந்தே பிள்ளைகளின் வாயில் போடுகிறோம். வெட்டுப்புள்ளிக்கு மேல் எடுத்த பத்து வயதுக் குழந்தையின் படத்தைச் சந்தியில் பதாகையாகக் கட்டுகிறோம் (அதைப் பற்றி எனக்கு வேறு கோபம் உண்டு, இன்னொரு நாள் எழுதுகிறேன்). அதே பிள்ளை பல்கலைக்கழகம் போகும் வயதில் பரிசில் எப்படியோ தருமமாகிவிடுகிறது.

இதில் அரசாங்கம் பரவாயில்லை. பல்கலைக்கழக மாணவருக்காக 1981 இல் சட்டமாகி வந்த மகாபொலப் புலமைப்பரிசிலிலும் திறமைப் பிரிவு என்று ஒன்று உண்டு. பல ஆண்டுகள் சாதாரணப் பிரிவுக்கு மாதம் 5000 ரூபாய், திறமைப் பிரிவுக்கு 5050. திறமைக்கு மேலதிகமாக ஐம்பது ரூபாய்! ஒரு வடையும் பிளேன்ரீயும் சேர்த்து வாங்க முடியாது. ஆனால் அந்தக் காசுக்காக யாரும் பிள்ளையை மேடையில் நிறுத்தி அப்பாவின் தொழிலை வாசிப்பதில்லை. அது பாட்டுக்கு வங்கிக் கணக்கில் விழும், சில மாதம் முந்தி, சில மாதம் பிந்தி.

தனியார் கொடையில்தான் சிக்கல். யாழ்ப்பாணத்துக்கு அது புதிதும் இல்லை. அமெரிக்க மிஷன் 1823 இல் வட்டுக்கோட்டையில் செமினரி தொடங்கியது, அடுத்த ஆண்டு உடுவிலில் பெண்கள் பாடசாலை. அங்கே தங்கிப் படித்த பிள்ளைகளின் செலவை அமெரிக்காவில் இருந்தவர்கள் ஏற்றார்கள். ஏற்றவரின் பெயரைப் பிள்ளைக்கு வைக்கும் வழக்கமும் இருந்தது. 1857 இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் ஆனவர்கள் வட்டுக்கோட்டையில் படித்த நம்மவர் இருவர். ஒருவர் சி.வை. தாமோதரம்பிள்ளை, மற்றவர் கறோல் விசுவநாதபிள்ளை. விசுவநாதபிள்ளைக்கு முன்னால் ஒரு கறோல். அந்தச் செமினரி கொடுத்த படிப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை, பெரிய படிப்பு. ஆனாலும் காசு கொடுத்தவரின் பெயரைப் படித்தவர் சாகும்வரை சுமப்பதென்றால் அது எப்படிப்பட்ட கொடுக்கல் வாங்கல்? இன்று பெயர் வைப்பதில்லை, கடித உறையைக் கையில் கொடுத்துப் படம் எடுத்து முகநூலில் போடுகிறார்கள். பெயரைவிட அது மோசம் என்று சில நேரம் தோன்றும்.

சங்கத்துக்காரர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ரொறன்ரோவிலும் பாரிசிலும் இரவு வேலை செய்து சேர்த்த காசு அது. எங்கே போகிறது என்று கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. அதற்கு வருட முடிவில் நீங்கள் ஒரு கடிதம் எழுதுங்கள். ஐந்து பேரும் என்ன படித்தார்கள், கற்பித்தல் பயிற்சிக்கு எந்தப் பாடசாலைக்குப் போனார்கள், அங்கே என்ன நடந்தது என்று இரண்டு பக்கம். உண்மையாகக் கேட்பவர்களுக்கு அது போதும்.

சரி, அந்த அம்மாவின் கேள்வி. கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் (அரசாங்கத்தில்) மேய்க்க வேணும் என்று சொன்ன சனம், ஆசிரியர் உத்தியோகமும் கோறணமேந்து உத்தியோகம்தான் என்பதை மறந்துவிட்டது. தங்கள் பிள்ளைக்கு மட்டும் திறமான ரியூசன் மாஸ்டர் எங்கே என்று ஊர் முழுக்கத் தேடுவார்கள். கோப்பாய், பலாலி ஆசிரியர் கலாசாலைகளும் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சைவாசிரிய கலாசாலையும் ஆசிரியர்களை உருவாக்கிய ஊர் இது. அந்தத் திருநெல்வேலிக் கலாசாலையில்தான் பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை நெடுங்காலம் படிப்பித்தார். அவருக்கு யாராவது பரிதாபப்பட்டார்களா? ஆனால் இதையெல்லாம் மேடையில் சொல்ல வேண்டாம். அந்தப் பிள்ளை ஒரு குற்றமும் செய்யவில்லை, எதற்காக நீங்கள் வக்கீலாக வேண்டும்? கூட்டம் முடிந்து அம்மாவோடு தேத்தண்ணி குடிக்கும்போது சொல்லுங்கள்.

மேடையில், இனி உங்கள் துறைக்கு வரப்போகிறவர்களிடம் பேசுவது போலப் பேசுங்கள். நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் முதல் கிழமையே தொண்டை கட்டிவிடும் என்று சொல்லுங்கள். கஷ்டப் பிரதேசம், அதிகஷ்டப் பிரதேசம் என்றெல்லாம் பாடசாலைகளுக்கு வகை உண்டு என்பதையும், முதல் நியமனம் நெடுந்தீவுக்கு வந்தால் விடிய எழும்பிக் குறிகட்டுவான் துறைக்குப் போய் ஒரு மணித்தியாலம் படகில் இருக்க வேண்டும் என்பதையும் மறைக்க வேண்டாம். தெரிந்தே வரட்டும். பகிடிவதையை (ராகிங்) தடுக்க 1998 இலேயே சட்டம் வந்துவிட்டது, ஆனால் இரவு பத்து மணிக்கு விடுதியில் சட்டம் வந்து நிற்காது. அதனால் உங்கள் கைப்பேசி இலக்கத்தைப் பலகையில் எழுதிப்போடுங்கள். உங்கள் வரவேற்புரையில் அதுதான் அவர்களுக்கு மிகவும் தேவைப்படும் வரி. "நன்றி மறவாதீர்கள்" மட்டும் வேண்டாம்.

படம் எடுக்காமல் விடமாட்டார்கள், எடுக்கட்டும். உறை இல்லாமல், எல்லோரும் கதிரையில் இருந்தபடி. பெற்றோருக்கு முன்வரிசையில் இடம் வையுங்கள், பிரதம விருந்தினர் பக்கத்தில் இருக்கட்டும். அப்புறம், சோடாவைக் கூட்டம் தொடங்க முன்னமே கொடுத்துவிடச் சொல்லுங்கள்.