ஸ்டாண்டர்டு ஹெரால்டில் அகல டயர் போட, பின் மட்காட்டை வெட்டத்தான் வேண்டுமா?

நீங்கள் கேட்டது இதுதான்: அப்பாவின் பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார், பின்னால் 165 (மி.மீ. அகல) டயர் மாட்டியதிலிருந்து ஆள் ஏறி குழியில் இறங்கினால் மட்காட்டில் உரசுகிறது, டிங்கர் "ஓரத்துல ஒரு இஞ்ச் எடுத்துட்டா சரியாயிடும்" என்கிறார், வெட்டலாமா? தயவுசெய்து வெட்ட வேண்டாம். அந்த வேலையை ஒரு வாரம் தள்ளிப்போட்டுவிட்டு இதைப் படியுங்கள்.

என்னிடம் இருப்பது பெரியப்பா ஓட்டிய 1967 ஹெரால்டு, கோவையில். அதன் இடதுபக்கப் பின் மட்காட் வெட்டப்பட்டது, வலதுபக்கம் வெட்டாதது. இரண்டு பக்கமும் ஒரே ரிம், ஒரே 165/80 ஆர் 13 டயர். இன்றைக்கு இரண்டு பக்கமும் உரசுவதில்லை. அதாவது இடதுபக்கம் வெட்டியது தேவையே இல்லாத வேலை, அதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வருடம் ஆனது.

2016-இல் ஒரு பட்டறையில் விட்டிருந்தேன். டிங்கர் அனுபவசாலிதான், வயதிலும் பெரியவர். நான் டீ குடித்துவிட்டு வருவதற்குள் இடதுபக்கம் கிரைண்டரை வைத்துவிட்டார். வளைவு முழுக்க முக்கால் அங்குலத் தகடு கீழே கிடந்தது. வெட்டிய இடத்தில் பார்த்தால் ஒரு தகடு இல்லை, இரண்டு தகடு, நடுவே விரல் நுழையும் சந்து, அந்தச் சந்திலிருந்து ஐம்பது வருடச் செம்மண் பொலபொலவென்று கொட்டிக்கொண்டிருந்தது. "அண்ணே, அந்தப் பக்கம் தொடாதீங்க" என்று சொன்னதில் வலதுபக்கம் பிழைத்தது.

இந்த இரண்டு தகடு விஷயம்தான் முக்கியம். வெளியே தெரிகிற மட்காட் ஒரு தகடு, டயரைச் சுற்றி உள்ளே வளைந்து போகிற வீல் ஆர்ச் இன்னொரு தகடு. இரண்டும் வந்து சேர்கிற இடம்தான் நீங்கள் கையை விட்டால் தட்டுப்படும் அந்த உள்மடிப்பு, அதில்தான் ஸ்பாட் வெல்டிங் புள்ளி புள்ளியாக ஓடும். மடிப்பை வெட்டினால் அந்த வெல்டிங்கும் சேர்ந்து போய்விடும், இரண்டு தகடும் தனித்தனியாக நிற்கும், டயர் வாரி இறைக்கிற சேறும் தண்ணீரும் நேராக அந்தச் சந்துக்குள் போய் உட்காரும். ஹெரால்டு என்றில்லை, பத்மினி, அம்பாசடர், கான்டெஸா என்று எந்தப் பழைய வண்டியிலும் இந்த இடம் ஏறக்குறைய இப்படித்தான். என் வண்டியில் அந்த டிங்கர் இந்தச் சந்துக்குள் பட்டி போட்டு அடைத்து பெயின்ட் அடித்துக் கொடுத்தார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. இரண்டாவது மழைக்காலம் முடிந்து பார்த்தால் வளைவின் பின்பாதியில் பெயின்ட் அரிசி அரிசியாகக் கொப்பளித்திருந்தது, ஸ்க்ரூடிரைவர் முனையை வைத்து லேசாக அழுத்தினேன், உள்ளே போய்விட்டது.

சரி, அப்படியென்றால் ஏன் உரசியது? இதற்குப் பதில் தெரியாமல் எந்த வேலையும் ஆரம்பிக்கக் கூடாது.

அந்தத் துருவைச் சரிசெய்ய வண்டியை இறக்கியபோதுதான், மேஸ்திரிகள் வைத்திருக்கும் தூக்குக்குண்டை மட்காட்டின் உச்சியிலிருந்து தொங்கவிட்டு இரண்டு பக்கமும் அளந்தேன். நூலுக்கும் ரிம் விளிம்புக்கும் இடையே வலதுபக்கம் 22 மி.மீ., இடதுபக்கம் 14. ரிம் ஒன்றுதான், டயர் ஒன்றுதான், அப்புறம் எப்படி எட்டு மி.மீ. வித்தியாசம்? ஹெரால்டில் பாடி தனி, சேஸிஸ் (அடிச்சட்டம்) தனி. பாடியைப் போல்ட் போட்டுத்தான் சேஸிஸ் மேல் உட்கார வைத்திருக்கிறார்கள், நடுவில் பேக்கிங். அந்தப் பேக்கிங் நைந்து, எப்போதோ யாரோ போல்ட்டைக் கழற்றி மாட்டியதில் பின்பாதி நான்கு மி.மீ. ஒரு பக்கம் நகர்ந்து உட்கார்ந்திருக்கிறது. அவ்வளவுதான். போல்ட்டுகளைத் தளர்த்தி, புதிய பேக்கிங் வைத்து, கதவு இடைவெளியைப் பார்த்துக்கொண்டே மெதுவாக நகர்த்தி இறுக்கியதும் இரண்டு பக்கமும் 18 வந்தது. உங்கள் வண்டி இரண்டு பக்கமும் சமமாக உரசுகிறதா, ஒரு பக்கம் மட்டுமா என்று நீங்கள் எழுதவில்லை. ஒரு பக்கம்தான் என்றால் முதலில் இங்கே பாருங்கள்.

அளக்கும்போது ஒரு எச்சரிக்கை. ஜாக்கி போட்டு இறக்கிய உடனே அளந்தால் எண்கள் எல்லாம் தப்பாக வரும். ஹெரால்டின் பின்பக்கம் ஸ்விங் ஆக்ஸில், நடுவில் டிஃபரன்ஷியல் (இன்ஜின் சுழற்சியை இரண்டு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) சேஸிஸோடு நிலையாக இருக்கும், அங்கிருந்து இரண்டு பக்கமும் ஷாஃப்ட் இறக்கை மாதிரி ஏறி இறங்கும், மேலே குறுக்காக ஒரே பட்டை ஸ்பிரிங். தூக்கினால் சக்கரங்களின் அடிப்பக்கம் உள்ளே மடங்கிக்கொள்ளும், இறக்கிய பிறகும் டயர் தரையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நிற்கும். பத்து அடி முன்னும் பின்னும் தள்ளினால்தான் பழைய நிலைக்கு வரும். இதைத் தெரியாமல் நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அளந்தது வீண்.

சக்கரம் ஷாஃப்டோடு சேர்ந்தே சாய்வதால் மேலே ஏற ஏற டயரின் தலைப்பகுதி உள்பக்கம் சாயும். அதனால் முழுப் பாரத்தில், ஸ்பிரிங் கடைசி வரை அமுங்கிய நிலையில், வெளிமடிப்பில் உரசாது. உரசுவது நடுவில்தான், டயரின் தொப்பை மடிப்பைக் கடந்து மேலே போகிற அந்த இரண்டு மூன்று அங்குலத்தில். காலியாக நிற்கும்போதும் முழுக்க அமுக்கியும் பார்த்துவிட்டு "ரெண்டும் ஓகே" என்று சொன்னால் போதாது. நான் செய்தது: டிக்கியில் இரண்டு சிமென்ட் மூட்டை, பின் சீட்டில் முதலில் ஒருவர், பிறகு இருவர், பிறகு மூவர். ஒவ்வொரு நிலையிலும் பிள்ளைகள் விளையாடும் களிமண்ணை உருட்டி மடிப்பில் ஒட்டிவைத்து வண்டியை மெதுவாகத் தள்ளினால், எவ்வளவு நசுங்கியது என்று பார்த்தாலே இடைவெளி தெரிந்துவிடும். உள்பக்கமும் பாருங்கள், முழுப் பாரத்தில் டயரின் உள்தோள் ஆர்ச்சை நெருங்கும்.

டயர் கணக்கும் ஒரு தடவை போட்டுப் பாருங்கள். கம்பெனியில் வந்தது 5.20-13, அகலம் ஏறக்குறைய 132 மி.மீ. 165 போட்டால் 33 மி.மீ. கூடுகிறது, ரிம்மின் நடுக்கோடு மாறவில்லை என்றால் பக்கத்துக்கு 16 சொச்சம். உங்கள் ரிம் என்ன? பழைய ரிம் மூன்றரை அங்குலம்தான். அதில் 165 மாட்டினால் டயர் பலூன் மாதிரி பிதுங்கும், திருப்பத்தில் நெளியும், பிதுக்கம்கூட உரசலுக்குக் காரணமாகலாம். நான்கரை அங்குல ரிம் வேண்டும். ஹெரால்டின் நான்கு போல்ட் அளவு, அதாவது போல்ட்டுகள் நிற்கும் வட்டத்தின் விட்டம், 95.25 மி.மீ., நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் 100 மி.மீ. அலாய் வீலை இழுத்துப் பிடித்து மாட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அது உயிரோடு விளையாடுவது. ஹெரால்டை முதலில் செய்த இங்கிலாந்து ட்ரையம்ஃப் கம்பெனியின் பிற்கால ஸ்பிட்ஃபயர் காருக்கு அதே போல்ட் அளவில் நான்கரை அங்குல இரும்பு ரிம் உண்டு, நான் சொந்தக்காரர் ஒருவர் மூலம் அதைத்தான் வரவழைத்தேன். செலவுதான், ஆனால் லேத் பட்டறையில் ரிம்மை அறுத்து நடுவில் பட்டை வைத்து வெல்டிங் போடுவதைவிட நிம்மதி.

ரிம்முக்கும் ஹப்புக்கும் (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) நடுவே ஸ்பேசர் என்ற வளையத் தகடு போட்டு சக்கரத்தை வெளியே தள்ளலாமா என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இந்த வண்டியின் பின் ஷாஃப்ட் ஹப் அருகே முறிவது உலகம் முழுக்கத் தெரிந்த பலவீனம், முறிந்தால் ஹப்போடு சேர்ந்து சக்கரமே கழன்று போகும். வெளியே தள்ளத் தள்ள அந்த இடத்துக்குத்தான் பாரம்.

இதெல்லாம் பார்த்த பிறகும் ஐந்தாறு மி.மீ. போதவில்லை என்றால், மடிப்பை வெட்டாமல் மேலே மடக்குங்கள். என் வலதுபக்கம் அப்படிச் செய்ததுதான். மடிப்பு சுமார் அரை அங்குலம் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும், அதை மேல்பக்கமாகப் படுக்க வைத்தால் அந்த இடம் முழுக்க நமக்குக் கிடைக்கும். முதலில் மடிப்புக்குள் இருக்கும் மண், தார், பழைய அண்டர்கோட் எல்லாவற்றையும் சுரண்டி எடுக்க வேண்டும், துரு இருந்தால் மடக்கும்போதே கிழியும். ஹீட் கன்னால் பெயின்ட் கை பொறுக்காத சூடு வரும்வரை காட்டி, ஹப்பில் மாட்டுகிற ரோலர் இருந்தால் அதை வைத்து, இல்லையென்றால் உள்ளே மரக்கட்டையும் ரப்பர் சுத்தியும் வைத்து, வளைவின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கொஞ்சம், திரும்ப முதலிலிருந்து கொஞ்சம் என்று ஆறேழு சுற்று போக வேண்டும். ஒரே இடத்தில் முழுக்க மடக்கினால் வெளித்தகடு அலை அலையாகிவிடும். எனக்கு ஒரு பக்கத்துக்கே ஒரு முழு மதியம் ஆனது. வேலை முடிந்ததும் மடிந்த சந்தில் ஜிங்க் பிரைமர் விட்டு சீலர் போட்டு மூடிவிடுங்கள்.

இடதுபக்கத்தைச் சரிசெய்த விதத்தையும் சொல்கிறேன், 185 அளவுக்குப் போயே தீருவேன் என்று யாராவது இருந்தால் அவர்களுக்கும் இதுதான் வழி. வெளித்தகட்டைக் கோடு போட்டு வெட்டியதும், உள்தகட்டை வெட்டி எறியக் கூடாது. அதை ஒரு அங்குலத்துக்கு ஒன்றாகச் சீப்புப் பல் மாதிரி கீறி, ஒவ்வொரு பல்லையும் வெளியே மடக்கி வெளித்தகட்டோடு சேர்த்து வெல்டிங் போட வேண்டும், இடுக்கில் முக்கோணத் துண்டுகள் வைத்து மூட வேண்டும். பழைய தகடு மெல்லியது, ஆர்க் வெல்டிங் ஓட்டை போட்டுவிடும், சிஓ2 வெல்டிங்கில் புள்ளி புள்ளியாக இடம் மாற்றி மாற்றி வைத்தால்தான் தகடு நெளியாது. இன்னொன்று, ஹெரால்டில் பெட்ரோல் டேங்க் டிக்கிக்குள் ஓரமாகத்தான் இருக்கிறது. வெல்டிங், கிரைண்டர் எதுவாக இருந்தாலும் டேங்கைக் கழற்றி வண்டியிலிருந்து தூரமாக வைத்த பிறகுதான். நானே நின்று கழற்ற வைத்தேன்.

சட்டப் பக்கம் கொஞ்சம். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52, கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதைவிட ஹெரால்டு வைத்திருப்பவர்கள் யோசிக்க வேண்டியது 2021 ஜூலையில் வந்த வின்டேஜ் பதிவு விதி: 50 வருடம் தாண்டி, அசல் வடிவத்தில், பெரிய மாற்றம் செய்யாத வண்டிகளுக்குத்தான் அந்த 'விஏ' நம்பர். ஹெரால்டு இங்கே சென்னையில் 1961-இல் ஆரம்பித்து 1971 வாக்கில் நின்றுபோன வண்டி, ஆக எல்லாமே இப்போது 50 தாண்டியவை. வின்டேஜ் பதிவில் தினசரி ஓட்ட முடியாது, உங்களுக்கு அது வேண்டாம் என்றே இருக்கலாம். ஆனால் நாளைக்கு உங்கள் பிள்ளை அதைக் கேட்கும்போது, மடக்கிய மடிப்பைத் திரும்ப நிமிர்த்த முடியும், வெட்டியதை ஒட்டினாலும் அது அசல் இல்லை.

ஓட்டுவதைப் பற்றியும் ஒன்று. 948 சிசி வண்டிக்கு 165-க்கு மேல் எனக்குத் தேவை தெரியவில்லை. டயர் பிடிப்பு கூடக் கூட ஸ்விங் ஆக்ஸில் வண்டி திருப்பத்தில் பின்பக்கத்தைத் தூக்கி, வெளிச்சக்கரத்தை அடியில் மடக்கப் பார்க்கும், அதுவும் திருப்பத்தின் நடுவில் ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று விட்டால். ட்ரையம்ஃப் கம்பெனியே 1970-இல் நான்காம் ஸ்பிட்ஃபயரில் ஸ்பிரிங் அமைப்பை மாற்றியது இதற்காகத்தான். அகல டயர் போட்டதால் வேகமாகத் திரும்பலாம் என்று நினைத்துவிடாதீர்கள்.

எல்லாம் முடிந்ததும் டயரின் தொப்பையில் சுற்றிலும் சாக்பீஸ் தடவி, பின் சீட்டில் மூன்று பேரை ஏற்றி, மலைப்பாதை ஏதாவது ஒன்றில் போய் வாருங்கள். அழிந்த இடம்தான் உரசுகிற இடம். என் வலதுபக்கச் சாக்பீஸ் மருதமலை ஏறி இறங்கியும் கலையாமல் இருந்தது.