லாரிப் பட்டையும் செம்புக் கிண்ணமும் (கடிதம்)

அன்புள்ள அண்ணாவுக்கு,

சென்னிமலையிலிருந்து எழுதுகிறேன். பெருந்துறையில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதும் வேலை. நான்கு வருடங்களுக்கு முன்னால் ஈரோட்டில், இரும்பைக் கவ்விப் பிடிக்கிற பழைய வைஸ் ஒன்று வாங்கி, அப்பா தறி போட்டிருந்த கொட்டகையில் பொருத்தினேன். யாரிடமும் போய்க் கற்றுக்கொள்ளவில்லை. கதவுக்குக் கொண்டி, அம்மாவுக்குத் தேங்காய்த் துருவி என்று செய்து பழகி, இப்போது செம்புத் தகட்டில் கிண்ணம் தட்டுகிறேன். பாதியிலேயே விளிம்பு வெடித்துவிடுகிறது.

ராத்திரி எட்டு மணிக்கு உள்ளே போனால் பத்தானது தெரிவதில்லை. மனசு அத்தனை அமைதியாக இருக்கிறது. ஆனால் பார்க்கிறவர்கள் எல்லாம் "இது எவ்வளவுக்குப் போகும்?" என்றுதான் கேட்கிறார்கள். மாமனார், "லேத் வாங்கித் தர்றேன், தொழிலாப் பண்ணுங்க மாப்ளே" என்கிறார். நான் செய்வது வாழ்க்கையிலிருந்து ஓடி ஒளிவதா? சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல் கற்றது ஒரு கற்றலா?

வாசகர், சென்னிமலை

அன்புள்ள தம்பி,

முதலில் கிண்ணம். செம்பு அடி வாங்க வாங்க இறுகும். இறுகிய பிறகும் தட்டினால் வெடிக்கத்தான் செய்யும். சுத்தியல் பட்டு எழும் சத்தம் மாறுவதைக் கவனியுங்கள். மந்தமாக இருந்தது கணீரென்று கேட்க ஆரம்பித்தால் நிறுத்திவிட வேண்டும். கொட்டகை விளக்கை அணைத்துவிட்டு, கேஸ் டார்ச்சால் இருட்டில் மங்கிய சிவப்பு தெரியும் வரை சூடாக்கி, தண்ணீரில் போடுங்கள். மறுபடி மெழுகுபோல வளையும். ஒரு கிண்ணத்துக்குள் இதை ஐந்தாறு முறையாவது செய்ய வேண்டி வரும். மேலே படியும் கறுப்புக்குப் புளியும் உப்பும் போதும்.

இரும்பில் இது நேர் எதிர். கத்திக்கு ஆகிற எஃகைப் பழுக்கக் காய்ச்சி முக்கினால் கண்ணாடிபோல இறுகிவிடும். இதை நான் கற்றுக்கொண்ட விதத்தைச் சொன்னால் உங்கள் மற்றக் கேள்விகளுக்கும் வந்துவிடலாம் என்று நினைக்கிறேன்.

சங்ககிரிப் பக்கம் பழைய இரும்புக் கடையில் லாரி ஸ்பிரிங் பட்டை ஒன்று வாங்கி வந்து, இரண்டு மாதம் அரத்தால் ராவி ஒரு கத்தி செய்தேன். நானும் உங்களைப் போல யாரிடமும் கேட்கவில்லை. பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினேன். 'டிக்' என்று ஒரு சத்தம். எடுத்துத் துடைத்துப் பார்த்தால் முனையிலிருந்து மயிரிழைபோல ஒரு விரிசல். அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் அதை எடுத்துக்கொண்டு காங்கேயம் பக்கம் ஒரு ஆசாரியின் பட்டறைக்குப் போனேன். கத்தியை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்தப் பட்டைக்கு எண்ணெய்ங்க, தண்ணி ஆகாது" என்றார். தோய்ச்சல் போடுவது எப்படி என்று செய்தே காட்டினார். காய்ச்சிய இரும்பில் காந்தம் ஒட்டாமல் போக வேண்டும். அதற்கு மேலும் கொஞ்சம் சூடேற்றி எண்ணெயில் இறக்க வேண்டும். பிறகு, கண்ணாடிபோல உடையாமல் இருக்க, ஒரு பக்கத்தைப் பளபளப்பாகத் தேய்த்து, இளஞ்சூட்டில் காட்டினால் நிறம் ஓடி வரும். முதலில் வைக்கோல் நிறம், அடுத்து பழுப்பு, ஊதா, நீலம். கத்திக்கு வைக்கோல் நிறத்தில் நிறுத்திவிட வேண்டும்.

புறப்படும்போது அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "எனக்குச் சாயங்காலத்துக்குள்ள எட்டு அருவா குடுக்கோணும். உங்களுக்கு அந்தத் தொந்தரவு இல்லீங்களே. மெதுவாப் பண்ணுங்க."

தம்பி, உங்களுக்குக் கிடைக்கிற அமைதி அந்த 'மெதுவாக'வில்தான் இருக்கிறது. ஒரு பட்டையின் முகத்தைச் சமமாக ராவிப் பாருங்கள். பழகாத கை ஆடும், நடுப்பகுதி மேடாகவே நிற்கும். மூலைமட்டத்தை வைத்து விளக்குக்கு நேராகப் பிடித்தால் இரண்டு ஓரத்திலும் வெளிச்சம் கசியும். ராவி, பார்த்து, மறுபடி ராவி, அந்தக் கீற்று மறைய எனக்கு மூன்று சாயங்காலம் ஆயிற்று. கை அரத்தில் இருக்கும்போது மனசு நாளைய கணக்குக்குப் போனால் அந்த இழுப்பிலேயே அரம் சாய்ந்துவிடும். இத்தனை கவனம் கேட்கிற இடத்தில் யாரும் ஒளிய முடியாது. நீங்கள் ஓடவில்லை, முழுசாக அங்கே இருக்கிறீர்கள்.

அதனால் லேத் இப்போதைக்கு வேண்டாம் என்பேன். மாமனார் பிரியத்தில்தான் சொல்கிறார். வார்ப்படமும் பம்ப்செட்டும் போர் போடும் ரிக் வண்டியும் வளர்த்த ஊர்கள் இவை. கையில் திறமை இருந்தால் பட்டறை போடு என்பதுதான் நம் பக்கத்தில் வாழ்த்து. ஆனால் ஆர்டர் வந்த நாளிலிருந்து உங்களுக்கும் சாயங்காலத்துக்குள் எட்டு என்றாகிவிடும். வெடித்த கிண்ணத்தோடு ஒரு வாரம் உட்கார்ந்திருக்க முடியாது.

தானாகக் கற்றவர் என்றதும் ஜி.டி. நாயுடு பெயரைச் சொல்லி உங்களை உசுப்புவார்கள். 1893-ல் சூலூர்ப் பக்கம் கலங்கலில் பிறந்து, அதிகம் படிக்காமலே இயந்திரங்களைப் பிரித்துப் பார்த்துக் கற்ற பெரிய மனிதர். அவரைக் கும்பிடுங்கள், அளவுகோலாக வைத்துக்கொள்ளாதீர்கள். ஆள் இல்லாமல் கற்றது கற்றலா என்று கேட்டிருந்தீர்கள். கற்றல்தான். ஆனால் முழுக்கத் தனியாக யாரும் கற்பதில்லை. எனக்கு அந்த ஆசாரி மாதிரி உங்களுக்கும் பக்கத்தில் ஒருவர் இருப்பார். கூச்சப்படாமல் போய்க் கேளுங்கள்.

அப்புறம், உங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் நொய்யல் கரையில் கொடுமணல். 1985 முதல் நடந்த அகழாய்வுகளில் இரும்பு உருக்கிய உலைகளின் தடயம் கிடைத்த இடம். அங்கே போயிருக்கிறீர்களா? இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் அங்கே ஒருவர் உலை முன் உட்கார்ந்து இதே சிவப்பைத்தான் உற்றுப் பார்த்திருப்பார் என்று நினைக்கும்போது எனக்குச் சிலிர்க்கும்.

இரண்டு விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இருங்கள். துத்தநாகம் பூசிய ஜிஐ குழாயைக் காய்ச்சவே கூடாது, துத்தநாகப் புகை காய்ச்சலில் படுக்க வைத்துவிடும். டிரில்லிங் மெஷின் பக்கம் துண்டோ கையுறையோ போட்டுக்கொண்டு போகாதீர்கள்.

வெடித்த கிண்ணத்தைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். விரிசல் முடிகிற இடம் வரை விளிம்பைச் சுற்றிலும் ராவி இறக்குங்கள். ஒரு விரல் உயரம் குறையும், ஆனாலும் கிண்ணம்தான். சூடாக்கி முக்கிவிட்டுத் தட்டிப் பார்த்து, சத்தம் எப்படி மாறியது என்று எழுதுங்கள்.

அன்புடன்
அண்ணன்