ட்ரோன் பைலட் சான்றிதழ் இருந்தால் மருந்து அடிக்க வேறு லைசன்ஸ் வேண்டாமா?

கேள்வி: மன்னார்குடி பக்கம் கிராமம். பல வருடமாகப் பவர் ஸ்பிரேயரில் கூலிக்கு மருந்து அடிக்கிறேன். பத்தாவது பாஸ். ட்ரோன் வாங்கலாம் என்றிருக்கிறேன். பைலட் சான்றிதழ் மட்டும் போதும், வேறு லைசன்ஸ் தேவையில்லை என்கிறார் விற்பவர். உண்மையா? தங்கை பி.எஸ்சி. வேதியியல் முடித்திருக்கிறாள், அவள் பெயரில் ஏதாவது செய்ய முடியுமா?

பதில்: பாதிதான் உண்மை. அந்தச் சான்றிதழ் ட்ரோனைப் பறக்கவிடுவதற்கு. டேங்கில் ஊற்றும் மருந்துக்குச் சட்டமும் வேறு, போக வேண்டிய அலுவலகமும் வேறு.

பறக்கவிடும் பகுதி எளிது. 2021 ட்ரோன் விதிகளின்படி 18 வயது நிறைந்து, பத்தாம் வகுப்பு தேறி, மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் (டி.ஜி.சி.ஏ.) அங்கீகரித்த மையத்தில் பயிற்சி எடுத்தால் சான்றிதழ் கிடைக்கும். 10 ஆண்டு செல்லும். ட்ரோனுக்குப் பதிவு எண்ணும் மூன்றாம் நபர் காப்பீடும் வேண்டும். தஞ்சாவூர், வல்லம் பக்கம் வேலை வந்தால் ஒப்புக்கொள்வதற்கு முன் அரசின் ட்ரோன் வான்வெளி வரைபடத்தைப் பாருங்கள். அங்கே விமானப்படைத் தளம் இருக்கிறது.

இனி மருந்து. 1968 பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் 38-வது பிரிவு, தான் சாகுபடி செய்யும் நிலத்தில் மருந்து அடிப்பவருக்கு விலக்கு தருகிறது. உங்கள் வயலுக்கு நீங்கள் அடிக்க மருந்து லைசன்ஸ் வேண்டாம். அடுத்தவர் வயலில் காசுக்கு அடித்தால் இந்த விலக்கு கிடையாது. வணிகரீதியான பூச்சிக் கட்டுப்பாட்டுக்கு 13-வது பிரிவின் கீழ் லைசன்ஸ் வேண்டும். அது வீட்டில் கரையானுக்கு அடிப்பவர்களுக்கு மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அந்தச் சட்டத்துக்கான 1971 விதிகளில் இந்தத் தொழிலுக்குத் தரும் விளக்கத்தில் வயலில் அடிப்பதும், வானிலிருந்து தெளிப்பதும் சேர்ந்தே இருக்கின்றன. களைக்கொல்லி, பூஞ்சாணக்கொல்லி எல்லாமே இந்தச் சட்டத்துக்குள்தான்.

ஸ்பிரேயரைத் தோளில் மாட்டிக்கொண்டு போனபோது உங்களை யாரும் லைசன்ஸ் கேட்டிருக்க மாட்டார்கள். நடைமுறை அப்படி. ட்ரோன் பதிவு எண்ணோடு பறக்கிறது, கடன், மானியம் என்று காகிதமும் சேர்கிறது. பக்கத்து வயலில் பயிர் கருகி ஒருவர் புகார் கொடுத்தால் முதலில் அந்தக் காகிதங்களைத்தான் கேட்பார்கள்.

லைசன்ஸ் வாங்க வேளாண் பட்டம், அல்லது வேதியியலை ஒரு பாடமாகக் கொண்ட அறிவியல் பட்டம் வேண்டும். கூடவே மைசூரு மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் (சி.எஃப்.டி.ஆர்.ஐ.), ஹைதராபாத்தின் தேசிய தாவர நல மேலாண்மை நிறுவனம் (என்.ஐ.பி.எச்.எம்.) போன்ற இடங்களில் குறைந்தது 15 நாள் பயிற்சி. பத்தாவது போதாது, உங்கள் தங்கையின் படிப்பு சரியாகப் பொருந்துகிறது. அவர் பயிற்சி எடுத்து விண்ணப்பிக்கட்டும், நீங்கள் பைலட்டாக இருங்கள். ஆனால் பெயரை மட்டும் கொடுத்துவிட்டு அவர் ஒதுங்கிக்கொள்வது வேண்டாம். எந்த மருந்து, எவ்வளவு என்ற பொறுப்பு லைசன்ஸ்காரருடையது.

ட்ரோனுக்குப் பணம் கட்டுவதற்கு முன் திருவாரூரில் வேளாண் இணை இயக்குநர் அலுவலகத்துக்குப் போய், வாடகைக்கு ட்ரோனில் மருந்து தெளிக்க என்ன லைசன்ஸ் வேண்டும் என்று மனு கொடுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். 'அதெல்லாம் வேண்டாம்பா, போய் அடி' என்று வாய்வார்த்தையாகச் சொன்னால் அது நாளைக்கு உதவாது.

களைக்கொல்லி அடிப்பவர் என்றால் இன்னொன்று. கிளைபோசேட்டைப் பூச்சிக் கட்டுப்பாட்டு ஆபரேட்டர்கள், அதாவது மேலே சொன்ன லைசன்ஸ் உள்ளவர்கள், மட்டுமே பயன்படுத்தலாம் என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு ஆணை போட்டது. வரப்புக்கு அடிக்கச் சொல்லி யாராவது பாட்டிலை நீட்டினால் லைசன்ஸ் வரும்வரை மறுத்துவிடுங்கள்.

மருந்தையும் நீங்களே வாங்கிப்போய் ஏக்கருக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசாதீர்கள். அது விற்பனைக் கணக்கில் சேரும், அதற்கு லைசன்ஸ் தனி. மருந்தை விவசாயி வாங்கட்டும், பில் அவர் பெயரில் இருக்கட்டும். தெளிப்புக் கூலி மட்டும் உங்களுடையது.

ஸ்பிரேயர் பழக்கத்தில் அளவு போடவும் கூடாது. அதில் ஏக்கருக்குப் பல டேங்க் தண்ணீர் போகும். ட்ரோனில் 10 லிட்டர் அளவில் முடிந்துவிடும். அதே மருந்து பல மடங்கு கெட்டியாகப் போகிறது. காற்று சற்றுத் திரும்பினால் பக்கத்து மீன்குட்டையில் இறங்கும். ட்ரோனில் தெளிப்பதற்கான வழிமுறையை மத்திய வேளாண் அமைச்சகம் 2021 டிசம்பரில் வெளியிட்டிருக்கிறது. பயிற்சி மையத்தில் அதைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

வான்வழித் தெளிப்பை 24 மணி நேரத்துக்கு முன்பே அதிகாரிகள் மூலம் ஊருக்கு அறிவிக்க வேண்டும் என்பது அந்த 1971 விதிகளில் 43-வது விதி. ஆடு மாடும் ஆட்களும் வயலுக்குள் வராமல் தடுக்க வேண்டும், கைகால் கழுவவும் முதலுதவிக்கும் வசதி வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. டேங்க் கலக்கும் பையனுக்குக் கையுறையும் முகக்கவசமும் நீங்கள்தான் வாங்கித் தர வேண்டும்.

காப்பீடு எடுக்கும்போது, ட்ரோன் விழுந்து வரும் சேதத்துக்கு மட்டுமா, மருந்து பறந்து பக்கத்துப் பயிர் கெட்டாலும் பணம் வருமா என்று கேட்டு, பாலிசியில் அந்த வரியைப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.