படைக்கும் முன் எடுத்து வைத்த கூழ்

அன்புள்ள ஐயா,

நாங்கள் கொருக்குப்பேட்டையில் குடியிருக்கிறோம். திருமணத்துக்குப் பிறகு பெந்தெகொஸ்தே சபை ஒன்றில் சேர்ந்தேன். ஞாயிறு ஆராதனை, புதன் வேதபாடம், வெள்ளி உபவாச ஜெபம், மாதக் கடைசியில் முழு இரவு ஜெபம். தெருவில் சாட்சியாக வாழ வேண்டும் என்று போதகர் சொல்கிறார். உலகத்தாரோடு கலக்கக் கூடாது என்றும் சொல்கிறார். ஆடி மாதம் எதிர்வீட்டு அக்கா அம்மன் கோயில் கூழ் கொண்டுவந்தால் சிரித்து வாங்கிக்கொண்டு, கதவைச் சாத்தியபின் கொட்டிவிடுகிறேன். மனம் உறுத்துகிறது. 2023 மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் என் மாமியாரை முதுகில் சுமந்து மேட்டுக்குக் கொண்டுபோனவர் அந்த அக்காவின் கணவர்தான். இப்போது குடியிருப்போர் சங்கத்தில் சேரச் சொல்கிறார்கள். நான் பி.காம். படித்தவள், அங்கே கணக்கெழுத ஆளில்லை. கொடுங்கையூர் குப்பை எரிஉலைக்கு எதிரான மனுவில் கையெழுத்தும் கேட்கிறார்கள். கூட்டத்தைச் சாமி படத்துக்கு விளக்கேற்றித்தான் தொடங்குவார்கள். நான் என்ன செய்யட்டும்?

கொருக்குப்பேட்டை வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் வெள்ளம் ஒரே வாக்கியத்தில் வந்து போய்விடுகிறது. எனக்கு அதைத் தாண்டிப் போக முடியவில்லை.

லூக்கா 10ஆம் அதிகாரத்தில் வரும் நல்ல சமாரியன் கதையைப் பிரசங்கமாகக் கேட்கும்போது நாம் எல்லாரும் தயங்காமல் சமாரியனின் இடத்தில் போய் நின்றுகொள்கிறோம். கழுதை நம்முடையது, எண்ணெயும் திராட்சரசமும் நம்முடையது, கள்ளர் கையில் அடிபட்டு வழியில் கிடப்பவன்தான் வேறு யாரோ. ஆனால் யார் பிறன், அதாவது அயலான், என்ற கேள்விக்கு இயேசு கதையின் முடிவில் கைகாட்டுவது உதவி செய்தவனை. அவனோ யூதர்களுக்கு ஆகாதவன். அவர்களுக்கு எருசலேம், அவனுக்குக் கெரிசீம் மலை. கும்பிடும் இடமே வேறு. கேள்வி கேட்ட நியாயசாஸ்திரிக்குச் சமாரியன் என்று வாய்விட்டுச் சொல்லக்கூட மனம் வரவில்லை, இரக்கஞ்செய்தவன் என்று சுற்றி வளைக்கிறான். மிக்ஜாம் வெள்ளத்தில் உங்கள் குடும்பம் வழியில் கிடந்தது. எதிர்வீட்டு அண்ணன் வந்தார், உங்கள் சபை எது என்று விசாரிக்காமல் தூக்கினார். தெருவை நீங்கள் ஊழியம் செய்யப்போகும் வயலாகப் பார்த்துப் பழகியிருக்கிறீர்கள். அது உங்களுக்கு ஏற்கெனவே ஊழியம் செய்து முடித்திருக்கிறது. இதை ஒத்துக்கொள்ளாமல் சாட்சி வாழ்க்கை பற்றிப் பேசுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

கூழுக்கு வருகிறேன். இதில் பவுலை எனக்கு வசதியான பக்கம் மட்டும் இழுக்க மாட்டேன். கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 10ஆம் அதிகாரத்தில், அவிசுவாசி விருந்துக்கு அழைத்தால் வைத்ததைக் கேள்வி கேட்காமல் சாப்பிடச் சொல்கிறார். அடுத்த வசனத்திலேயே, இது படைக்கப்பட்டது என்று ஒருவர் சொன்னால் சாப்பிட வேண்டாம் என்கிறார், அதுவும் சொன்னவருடைய மனச்சாட்சிக்காக. அம்மனுக்குப் படைத்த கூழ் என்று தெரிந்தபின் குடிக்காமல் இருக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. சிரித்து வாங்கிச் சாக்கடையில் ஊற்ற எந்த வசனத்திலும் இடமில்லை. கேழ்வரகை ஊறப்போட்டு அரைத்து, புளிக்கவைத்து, வெயிலில் நின்று காய்ச்சிய பெண்ணின் உழைப்பு அது. ஒரு நாள் அவர் அதைப் பார்த்துவிட்டால், நீங்கள் கொடுக்கும் கிறிஸ்துமஸ் கேக்கை அவர் என்ன செய்ய வேண்டும்?

நேராகச் சொல்லிவிடுங்கள்: "அக்கா, படைத்ததை நாங்கள் சாப்பிடுவதில்லை, தப்பாக நினைக்காதீர்கள்." சொன்னால் உறவு முறியும் என்று பயப்படுகிறீர்கள். வடசென்னைக்காரர்களை நீங்கள் குறைத்து எடைபோடுகிறீர்கள். படைக்கும் முன்பே கிறிஸ்தவ வீட்டுக்கென்று ஒரு தூக்கில் எடுத்து வைக்கும் வழக்கம் நம் தெருக்களில் பழையது. போதகர்கள் சபையில் தீர்க்க முடியாமல் வாதாடும் சிக்கலை, எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகள் அடுப்படியிலேயே தீர்த்துவிட்டார்கள். அடுத்த ஆடியில் அந்தத் தூக்கு உங்கள் வீட்டுக்கு வரும். அன்று கொட்டாதீர்கள், மோர் மிளகாயோடு குடியுங்கள்.

பெரம்பூர் லூர்து அன்னை திருத்தலத்தில் பிப்ரவரி 11 திருவிழாவுக்கு மெழுகுவர்த்தியோடு நிற்கும் இந்துக்களை எடுத்துக்காட்டாகச் சொல்லலாம் என்றிருந்தேன். "அது ஆர்.சி. கோயில் ஐயா" என்று பதில் எழுதுவீர்கள், எனவே விட்டுவிடுகிறேன்.

மனு விஷயம். 2025இல் இதே எரிஉலைக்கு எதிராக வடசென்னை மக்கள் மனிதச் சங்கிலியாக நின்றார்கள். அது அரசியல் என்பது உங்கள் சபையின் வாதம் என்று ஊகிக்கிறேன். கொடுங்கையூர் குப்பை மேடு பற்றி எரிந்து புகை கிளம்பினால் அது சபைக் கூடத்தின் ஜன்னலை மட்டும் விட்டுவைப்பதில்லை. பாபிலோனில் சிறைப்பட்டிருந்தவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் 29ஆம் அதிகாரத்தில் இருக்கிறது: வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள். விக்கிரகங்கள் நிறைந்த அந்நிய ஊர் அது. அங்கேயே அப்படியென்றால், பிள்ளை பெற்று வளர்க்கும் சொந்த ஊரில் ஒதுங்கி நிற்பது என்ன நியாயம்? எரிஉலை நல்லது என்று நீங்கள் கருதினால் கையெழுத்துப் போடாதீர்கள். ஆனால் அதைக் கூட்டத்துக்குப் போய்ச் சொல்லுங்கள்.

சங்கத்துக்கு நேரம் இல்லை என்பீர்கள். புதன் வேதபாடத்தை மாதத்தில் ஒரு வாரம் விட்டுவிடலாம். போதகரிடம் மறைக்காமல் சொல்லிவிட்டுப் போங்கள். வருத்தப்படுவார், வாதாடி ஜெயிக்க முயலாதீர்கள். ஒன்று மட்டும்: சங்கத்துக்குப் போகும்போது பையில் சுவிசேஷக் கைப்பிரதி வேண்டாம். தண்ணீர் லாரி பற்றிப் பேச வந்தவரிடம் அதை நீட்டினால், அதற்காகத்தான் வந்தீர்கள் என்று நினைப்பார், நினைப்பது சரியாகவும் இருக்கும். விசுவாசத்தைப் பற்றி அவர்களே கேட்கும் நாளில் தாராளமாகப் பேசுங்கள்.

விளக்கேற்றும்போது மற்றவர்களோடு எழுந்து நில்லுங்கள். ஏற்றச் சொல்லிக் கூப்பிட்டால், "வேறு யாராவது ஏற்றட்டும் அண்ணா" என்று சிரித்தபடி சொல்லிவிட்டுக் கணக்கு நோட்டை வாங்கிக்கொள்ளுங்கள். போன ஆண்டு ரசீதுகளையும் கேட்டு வாங்குங்கள். கணக்கெழுத ஆளில்லாத சங்கத்தில் அவை ஒழுங்காக இருக்க வாய்ப்பில்லை.