பாரிஸில் நல்ல ஸ்டேக்–ஃப்ரிட்: வாசலில் இருக்கும் பட்டியலைப் படியுங்கள்

கேள்வி: நானும் கணவரும் நவம்பரில் பாரிஸ் செல்கிறோம், ஓபேரா பகுதியில் தங்குவோம். சென்ற முறை சுற்றுலாப் பயணிகள் கூடும் இடமொன்றில் ஸ்டேக்–ஃப்ரிட், அதாவது மாட்டிறைச்சித் துண்டும் உருளைக்கிழங்கு வறுவலும், சாப்பிட்டோம்; ஸ்டேக்கை மெல்லவே முடியவில்லை. உடன் வந்த உருளைக்கிழங்கு வறுவலும் உறையவைத்த பாக்கெட் சரக்கு. எங்களுக்குப் பிரெஞ்சு தெரியாது, சிவப்பாக இருக்கும் இறைச்சியும் ஒத்துவராது. எந்த உணவகத்துக்குப் போகலாம்?

பதில்: நீங்கள் உணவகத்தின் பெயரைக் கேட்கிறீர்கள். ஆனால் பெயரைவிட உங்களுக்கு அதிகம் உதவக்கூடியது வாசலில் மாட்டியிருக்கும் விலைப்பட்டியல்தான். பரிமாறும் நேரம் முழுவதும் பட்டியல் வெளியே தெரியும்படி இருக்க வேண்டும் என்று பிரெஞ்சு விதி சொல்வதால், யாரிடமும் பேசாமல், தெருவில் நின்றபடியே பெரும்பாலான முடிவுகளை எடுத்துவிடலாம்.

முதலில் இறைச்சி. வெறும் ‘ஸ்டேக்’ என்றோ ‘பவே’ என்றோ எழுதியிருந்தால், மாட்டின் எந்தப் பகுதி தட்டுக்கு வரும் என்பதை அவர்கள் சொல்லவில்லை என்று பொருள். ‘பவே’ என்பது தடித்த துண்டைக் குறிக்குமே தவிர, பகுதியைக் குறிக்காது. நல்ல கடை ஆந்த்ரகோத், ஃபோ–ஃபிலே, பவேத், ஓங்க்லே என்று பகுதியின் பெயரை எழுதும். இவற்றில் வயிற்றுப் பக்கத்துப் பவேத்தும் உதரவிதானத்தை ஒட்டிய ஓங்க்லேயும் நீண்ட நாரும் ஆழ்ந்த சுவையும் உடையவை; ஆனால் சற்று அதிகமாக வெந்தாலும் இறுகிவிடும், ஆகவே அவை உங்களுக்கு வேண்டாம். விலாப் பகுதியிலிருந்து வரும் ஆந்த்ரகோத்தில் இடையிடையே கொழுப்பு இருப்பதால் அது கூடுதல் வேக்காட்டைத் தாங்கும். அதை ‘அ புவான்’ என்று கேளுங்கள். நடுவில் இளஞ்சிவப்பாக வரும். இறைச்சியிலிருந்து கசியும் சிவப்பு நீர் ரத்தமன்று, தசையிலுள்ள மயோகுளோபின் என்ற புரதம் கலந்த நீர்தான் என்று தெரிந்த பிறகும் மனம் ஒப்பவில்லையென்றால், ‘பியான் குயி’ (நன்றாக வெந்தது) என்று சொல்லுங்கள். ‘ஸ்டேக் அஷே’ என்பது கொத்திய இறைச்சி. ‘ஸ்டேக் தார்தார்’ என்பது வேகவைக்காத பச்சை இறைச்சி, அதனுடனும் வறுவல் வரும் என்பதால் புதியவர்கள் பலர் தெரியாமல் கேட்டுவிடுகிறார்கள்.

மாடு எந்த நாட்டில் பிறந்து வளர்ந்தது, எங்கே வெட்டப்பட்டது என்பதை உணவகம் வாடிக்கையாளருக்குத் தெரியும்படி எழுதி வைக்க வேண்டும் என்ற ஆணை 2002-இலிருந்து இருக்கிறது. அந்தத் தகவலைக் கண்ணில் படாமல் வைத்திருக்கும் கடையை நான் நம்புவதில்லை.

அடுத்து வறுவல். இங்கே சட்டம் ஒரு விசித்திரமான உதவியைச் செய்கிறது. அந்தக் கடையிலேயே சமைத்தது என்பதைக் குறிக்கும் ‘ஃபே மெசோன்’ முத்திரை, கைப்பிடியுள்ள பாத்திரத்தின் மேல் வீட்டுக் கூரை வரைந்த படம், 2014 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதைப் பார்த்ததும் எல்லாம் அன்று காலை சந்தையில் வாங்கியவை என்று எண்ணிவிடக் கூடாது. சமைக்காத பச்சைப் பொருளை அந்தச் சமையலறையில் சமைத்தால் போதும்; அது உறைந்து வந்திருந்தாலும், காற்று நீக்கிய பையில் வந்திருந்தாலும், தோல் சீவி நறுக்கி வந்திருந்தாலும் விதி ஏற்றுக்கொள்கிறது. உருளைக்கிழங்கு மட்டும் விலக்கு. கேரட் தோல் சீவி வரலாம், வெங்காயம் உரித்து வரலாம், இறைச்சி உறைந்தே வரலாம். ஆனால் உருளைக்கிழங்கு தோலோடுதான் சமையலறைக்குள் வர வேண்டும். தொழிற்சாலையில் ஒருமுறை பொரித்து உறையவைத்த வறுவலுக்கு இந்த முத்திரையைப் போடவே முடியாது. ஆகவே ஸ்டேக்–ஃப்ரிட் என்ற வரியின் அருகே அந்தப் படம் இருந்தால், அது ஸ்டேக்கைப் பற்றிச் சொல்வதைவிட வறுவலைப் பற்றியே உங்களுக்கு உறுதியாகச் சொல்கிறது. முத்திரை இல்லாவிட்டால் வெளியே அமர்ந்திருப்பவர்களின் தட்டுகளைப் பாருங்கள்: கையால் நறுக்கி இருமுறை பொரித்த வறுவல் நீளத்திலும் நிறத்திலும் ஒன்றுபோல் இருக்காது. சில கடைகளில் மாட்டுக் கொழுப்பில் பொரிப்பார்கள். உடன் வருபவர் சைவமாக இருந்தால் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

இவ்வளவு நுணுக்கமாக விதி எழுதத் தெரிந்த அரசு, ‘இது எங்கள் சமையலறையில் செய்ததன்று’ என்று எழுதும்படி மற்றவர்களைக் கட்டாயப்படுத்தியிருக்க வேண்டும். அதைச் செய்யாததால், நேர்மையாகச் சமைப்பவர் முத்திரை குத்திக்கொண்டு நிற்கிறார். பாக்கெட்டைப் பிரித்துக் கொட்டுபவர் எதையும் எழுதாமல் அதே விலையை வாங்குகிறார். இந்த மௌனத்தில்தான் இடைத்தரகர்கள் பிழைக்கிறார்கள். நோத்ர்தாம் எதிர்க்கரைச் சந்துகளிலும் மோன்மார்த்ர் குன்றின் மேலும் வாசலில் நின்று ஆங்கிலத்தில் கூப்பிடுபவரின் கடைக்குள் தயவுசெய்து போகாதீர்கள். ருசிக்காகத் திரும்பி வருபவர்கள் இருக்கும் கடைக்கு ஆள் பிடிக்க வேண்டிய தேவை இல்லை. விடுதி வரவேற்பறையில் நீட்டப்படும் தள்ளுபடி அட்டையை வாங்காதீர்கள், அந்தத் தள்ளுபடிக்கான பணத்தை உங்கள் தட்டிலிருந்துதான் எடுப்பார்கள். பாதி விலை என்று ஆசை காட்டும் முன்பதிவுச் செயலிகளையும், ஆறு மொழிகளில் படங்களோடு அச்சிட்ட பட்டியலையும், பீட்சாவும் பாஸ்தாவும் வெங்காய சூப்பும் ஸ்டேக்கும் ஒரே பக்கத்தில் விற்கும் கடையையும் இதே கணக்கில் சேருங்கள். முதன்மை உணவு ஐந்தாறுக்கு மேல் இல்லாத, கரும்பலகையில் கையால் எழுதிய பட்டியலைத் தேடுங்கள். வாசலில் ‘மேத்ர் ரெஸ்தோராத்தர்’ என்ற பலகை இருந்தால் தயங்காமல் நுழையலாம். 2007-இல் ஏற்படுத்தப்பட்ட அந்தப் பட்டம், பச்சைப் பொருளிலிருந்து தானே சமைக்கும் உணவகத்துக்கு, தணிக்கைக்குப் பிறகு அரசு வழங்குவது.

இவற்றையெல்லாம் பார்க்கப் பொறுமை இல்லாத ஒரு நாளுக்காக ஓர் இடம் சொல்கிறேன்: நகரின் மேற்கு விளிம்பிலுள்ள போர்த் மய்யோவில் 1959-இல் தொடங்கிய ‘ரெலே த வெனீஸ்’. அங்கே ஸ்டேக்கும் வறுவலும் தவிர வேறு முதன்மை உணவே கிடையாது. இறைச்சி எவ்வளவு வேக வேண்டும் என்பதை மட்டும் கேட்பார்கள், வறுவலை இரண்டாம் முறையும் கொண்டுவந்து வைப்பார்கள். முன்பதிவு இல்லை என்பதால் கதவு திறப்பதற்கு முன்பே வரிசையில் நில்லுங்கள்.

மதியம் 12 முதல் 2 மணிக்குள், இரவு 7.30-க்கு மேல் சாப்பிடச் செல்லுங்கள். பிற்பகல் நான்கு மணிக்கும் ஸ்டேக் பரிமாறும் கடைகளில் எனக்கு நம்பிக்கை குறைவு. ரொட்டிக்கும் குழாய்த் தண்ணீருக்கும் காசு இல்லை; ‘கராஃப் தோ’ என்று கேட்டால் போதும், விலைக்கு விற்கும் தண்ணீர்ப் போத்தலைத் திறக்கவிடாதீர்கள். பட்டியலில் உள்ள விலையில் வரியும் சேவைக் கட்டணமும் அடங்கியிருக்கின்றன. பணம் செலுத்தும்போது அட்டை இயந்திரம் பத்து, பதினைந்து சதவீதம் என்று டிப்ஸ் கேட்டால், வேண்டாம் என்ற பொத்தானை அழுத்த நீங்கள் கூச்சப்பட வேண்டியதில்லை.