உடலுழைப்பு இருந்தால் இதய நோய் உண்மையிலேயே குறையுமா?

"தினமும் நடந்தால் மாரடைப்பு வராது என்கிறார்களே, சரியா?" என்று கேட்டிருக்கிறீர்கள். வரவே வராது என்று யாராலும் உறுதி தர முடியாது. ஆனால் வரும் வாய்ப்பு நன்றாகவே குறையும்.

இதை முதலில் தெளிவாகக் காட்டியவர்கள் லண்டன் பேருந்துத் தொழிலாளர்கள். ஜெரமி மாரிஸ் என்ற மருத்துவர் 1953-ல் வெளியிட்ட ஆய்வில், நாள் முழுக்க உட்கார்ந்தே ஓட்டிய ஓட்டுநர்களைவிட, மாடிப் பேருந்தில் ஏறி இறங்கிச் சீட்டுக் கொடுத்த நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்தது. (ஓட்டுநர்கள் வேலைக்குச் சேரும்போதே சற்றுப் பருமனாக இருந்தது பிறகு தெரியவந்தது. ஆனாலும் அப்புறம் வந்த பல ஆய்வுகள் அதே முடிவைத்தான் சொல்கின்றன.)

வேகமாக நடக்கும்போது ரத்தம் குழாய்ச் சுவரை உரசிக்கொண்டு ஓடுகிறது. அந்த உரசலில் சுவரின் உள்படலம் நைட்ரிக் ஆக்சைடைச் சுரக்க, குழாய் தளர்ந்து விரிகிறது. நடை பழக்கமாகிவிட்டால் ரத்த அழுத்தம் இறங்குகிறது. தசைகளும் ரத்தத்திலுள்ள சர்க்கரையை நன்றாக இழுத்துக்கொள்கின்றன. எடை குறையாவிட்டாலும் இந்தப் பலன்கள் உண்டு. எடை இறங்கவில்லையே என்று பலர் பாதியில் நிறுத்திவிடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

எவ்வளவு வேண்டும்? உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது, மிதமான வேகத்தில் வாரம் 150 முதல் 300 நிமிடம். நடந்தபடி பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் மிதமான வேகம். அவ்வளவு முடியாதா? பத்து நிமிடத்தில் தொடங்குங்கள். ஒன்றுமே செய்யாதவர் கொஞ்சம் செய்யத் தொடங்கும்போதுதான் பலன் மிக அதிகம்.

நடக்கையில் நெஞ்சு இறுக்கினால் மட்டும் உடனே நின்றுவிட்டு, மருத்துவரைப் பாருங்கள்.