செத்தவீட்டில் வினை பேசுகிறவர்கள்

அன்புள்ள ஐயா,

அப்பா தவறி இரண்டு மாதமாகிறது. அந்தியேட்டிக் கிரியை முடிந்தபிறகு கருட புராணம் வாசிக்கத் தொடங்கினேன். 14 உலகங்கள் என்கிறார்களே, அப்பா இப்போது எதில் இருப்பார்? அம்மாவின் முற்பிறப்புப் பாவத்தால்தான் அப்பா இவ்வளவு வேளைக்குப் போனார் என்று செத்தவீட்டில் ஒரு மாமி அம்மாவிடமே சொன்னா. அதற்கு நூல்களில் ஆதாரம் உண்டா?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

உலகங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். பூலோகம் தொடங்கிச் சத்தியலோகம் வரை மேலே 7, அதலம் முதல் பாதாளம் வரை கீழே 7. புண்ணியம் தீர்ந்தால் சுவர்க்கத்திலிருந்தும் இறங்கத்தான் வேண்டும் என்கிறது கீதையின் 9ஆம் அத்தியாயம். புல், பூடு, புழு என்று தான் பிறந்து இளைத்த பிறவிகளைச் சொல்லும் மாணிக்கவாசகர், அந்த வரிசையில் தேவரையும் சேர்த்தே பாடுகிறார். அப்பாவுக்கு விலாசம் தேடுவதை விடுங்கள்.

மாமிக்கு வருகிறேன். அந்த வரியை வாசித்ததும் எனக்குள் பல காலமாகக் கிடக்கிற கோபம் கிளம்பிவிட்டது.

கொட்டாஞ்சேனையில் என் சித்தப்பா இளவயதிலேயே தவறினார். செத்தவீட்டில் சுண்ணம் இடிக்கும்போது பாடுகிற திருவாசகப் பதிகமான திருப்பொற்சுண்ணத்தைப் பாடி இடித்து முடிந்த கையோடு, உறவுக்காரி ஒருத்தி சித்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னா: “போன பிறப்பில் ஆருடைய தாலியை அறுத்தாயோ, பிள்ளை.” சித்தி அதை அப்படியே நம்பிவிட்டா. பிறகு கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கோயிலுக்கு வந்தாலும் கருங்கல் தூணுக்குப் பின்னால்தான் நிற்பா. ஐயர் திருநீறு கொண்டுவந்தால் கை நீட்டமாட்டா. என்னிடம் கண்ணால் சாடை காட்டுவா, நான் வாங்கிக் கொடுக்கவேண்டும். ஒருவரைக் கொன்றுவிட்டவள் போலவே அந்த மனுசி கடைசிவரை வாழ்ந்து முடித்தா.

இதையா சைவம் சொன்னது? கன்மம், அதாவது வினை, அறிவில்லாத சடம். யாருக்கு, எப்போது, எவ்வளவு என்று அதற்குத் தெரியாது, இறைவன்தான் கூட்டுவிக்கிறான். உயிர்கள் நல்வினை, தீவினை என்ற இருவினையால் போவதும் வருவதும் அவன் ஆணையால் என்று சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்தின் 2ஆம் சூத்திரத்திலேயே மெய்கண்டார் சொல்லிவிட்டார். அவன் கையிலிருக்கும் கணக்கு மாமியின் கைக்கு எப்படி வந்தது?

வினை மூன்று வகை. முன்பே சேர்ந்து கிடப்பது சஞ்சிதம். இந்தப் பிறப்பில் அனுபவிக்க வந்தது பிராரத்தம். இப்போது புதிதாகச் சேர்ப்பது ஆகாமியம். ஆயுள் அவரவர் பிராரத்தம். அப்பாவின் ஆயுளை அம்மாவின் தலையில் கட்ட எந்தச் சித்தாந்தமும் இடம் கொடுக்காது. அம்மாவின் சஞ்சிதத்தில் என்ன கிடக்கிறது என்று எனக்கும் தெரியாது, மாமிக்கும் தெரியாது. ஆகாமியம் மட்டும் எல்லோர் கண்முன்னாலும் நடந்தது. புருசனை இழந்து இருந்த பெண்ணிடம் அப்படிப் பேசினாவே, அது மாமி தனக்குத் தேடிக்கொண்ட வினை. அழுகிறவர்களிடம் வினை பேசுகிற ஒவ்வொருவரும் இதைத்தான் தேடிக்கொள்கிறார்கள். தன் கோபத்தையும் பொறாமையையும் பார்த்துப் பயப்படத்தான் வினைக்கொள்கை. அடுத்தவர் வீட்டுப் பிரேதத்துக்குக் காரணம் கண்டுபிடிக்க இல்லை.

நீங்களும் அங்கேதானே நின்றீர்கள், தம்பி? வாய் திறக்காமல் நின்றுவிட்டு இப்போது என்னிடம் நூலாதாரம் கேட்கிறீர்கள்.

கருட புராணத்தை மூடி வையுங்கள். ராவில் தனியே இருந்து நரகத் தண்டனைகளை வாசித்து நெஞ்சைப் புண்ணாக்காதீர்கள். திவசத்துக்கு அந்த மாமி வந்தால் மரியாதையாகச் சாப்பாடு போடுங்கள், ஆனால் அம்மாவுக்குப் பக்கத்தில் இருத்தாதீர்கள். அம்மா நேரத்துக்குச் சாப்பிடுகிறாவா, நித்திரை கொள்கிறாவா? உங்கள் கடிதத்தில் அதைப்பற்றி ஒரு சொல்லும் இல்லை. எழுதுங்கள்.